மெய்ன் கடற்கரையில் இலையுதிர்காலம்: பாஸ்டனிலிருந்து அகேடியா வரை அவசரமில்லாத ஒரு கார்ப் பயணம்

பாஸ்டன் பக்கம் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் செப்டம்பர் பிறந்ததும் நிறம் மாறும் இலை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்க ஆரம்பிப்பார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் நியூ ஹாம்ஷயர் மலைகளைக் கை காட்டுவார்கள். நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் மலையில் இலை மட்டும்தான். வடக்கே மெய்ன் மாநிலக் கடற்கரைக்குப் போனால் சிவந்த மரம், இளஞ்சிவப்புப் பாறை, அதற்குக் கீழே குளிர்ந்து கறுத்த கடல் என்று மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். நான் சொல்லப்போவது நான்கு இரவு, ஐந்து நாள் கணக்கு. மூன்று நாள்தான் லீவு என்றால் எதை விடுவது என்பதையும் நடுவில் சொல்கிறேன்.

முதல் முறை நான் போனபோது பாஸ்டனில் வெள்ளிக்கிழமை மாலை வண்டியை எடுத்து, ஐந்து மணி நேரத்தில் 280 மைல் போய்விடலாம் என்று கூகுள் மேப் சொன்னதை நம்பி, ரூம் கூடப் போடாமல் நேராக அகேடியா தேசியப் பூங்காவை ஒட்டிய பார் ஹார்பர் ஊருக்கு ஓட்டினேன். நீண்ட வாரக்கடைசி. ஊரில் ஒரு படுக்கை இல்லை. இரவு பதினொன்றரைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் ஓட்டி பாங்கோரில் போய்ப் படுத்தோம். அதிகாலை மறுபடியும் எழுந்து பூங்காவின் கேடிலாக் மலையில் சூரிய உதயம் பார்க்கப் போனால், முன்பதிவு இல்லை என்று அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நான்தான் படிக்கவில்லை. கீழே உள்ளதில் பாதி அந்த ஒரு வாரக்கடைசி கற்றுக் கொடுத்தது.

எப்போது போவது

மெய்னில் நிறம் வடக்கிலிருந்து தெற்காகவும், உள்நாட்டிலிருந்து கடலை நோக்கியும் இறங்கும். கடல் கோடை வெப்பத்தைப் பிடித்து வைத்திருப்பதால் கரையோரம் கடைசியில்தான் சிவக்கும். அதனால் மலைக்குச் செப்டம்பர் கடைசி என்றால் கடற்கரைக்கு அக்டோபர் 8 முதல் 20 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் நாலைந்து நாள் முன்னே பின்னே ஆகும். மாநில அரசு செப்டம்பரிலிருந்து வாராவாரம் எந்த வட்டாரத்தில் எவ்வளவு நிறம் வந்திருக்கிறது என்று அறிக்கை போடும், அதைப் பார்த்து லீவு போட முடிந்தால் கொடுத்து வைத்தவர்.

அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் கனடாவின் தாங்க்ஸ்கிவிங்கும். ஆக இரண்டு நாட்டுக் கூட்டமும் ஒரே ரோட்டில் நிற்கும், ரூம் விலையும் எகிறும். அந்த வாரக்கடைசியை விட்டுவிட்டு அடுத்த செவ்வாய் கிளம்புங்கள். ஒரே எச்சரிக்கை, அந்தத் திங்கட்கிழமையோடு பல லாப்ஸ்டர் கடைகளும் சின்னச் சின்ன விடுதிகளும் கடையைக் கட்டிவிடும், அகேடியாவின் இலவசப் பேருந்தும் ஏறக்குறைய அப்போதே நின்றுவிடும். எனக்கு அந்த அமைதி பிடிக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒருவேளை அதற்கு முந்தைய வாரம் தோதாக இருக்கலாம்.

பகல் குறுகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். அக்டோபர் நடுவில் அங்கே மாலை ஆறு மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். பகலில் 13, 15 டிகிரி செல்சியஸ், இரவில் 5 டிகிரி. ஒரே தடிமனான கோட்டுக்குப் பதில் மூன்று மெல்லிய உடுப்புகளை அடுக்கிப் போடுங்கள். மேலே காற்றை மறிக்கும் ஜாக்கெட், பிடிப்புள்ள காலணி, குறைந்தது இரண்டு ஜோடி மாற்றுக் காலுறை.

மேப்பில் தெரியாத ஒன்று

ரூட் 1 கடற்கரைச் சாலை என்று எல்லோரும் சொல்வதால் வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்துவிடுவோம். அப்படி இல்லை. பனிப்பாறைகள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில் கடல் ஏறிய கரை இது. நிலம் விரல் விரலாகக் கடலுக்குள் நீண்டிருக்கும். நேர்க்கோட்டில் 230 மைல் சொச்சம் உள்ள இந்தக் கரையின் நெளிவு சுளிவையெல்லாம் அளந்தால் 3,478 மைல், கலிஃபோர்னியாவை விட அதிகம். ரூட் 1 அந்த விரல்களின் அடியைத் தொட்டுக்கொண்டு, அதாவது உள்ளங்கையின் ஓரமாகப் போகிறது. பாறையும் கலங்கரை விளக்கமும் விரல் நுனியில். ஒவ்வொரு விரலுக்கும் போக 12, 15 மைல், வந்த வழியே திரும்ப அதே 12, 15 மைல். எல்லா விரலையும் தொட்டுப் பார்க்க நினைத்தால் காரை விட்டு இறங்கவே நேரம் இருக்காது. எனவே வழியில் இரண்டே இரண்டு விரல் தேர்ந்தெடுங்கள், மீதி அகேடியாவுக்கு. போகும்போது ஒரு நாளைக்கு 100, 120 மைலுக்கு மேல் ஓட்டாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

ரூம் இரண்டு மாதம் முன்பே. பார் ஹார்பருக்குள் விலை கூடுதல். அந்த ஊர் இருக்கும் தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ட்ரெண்டனிலோ எல்ஸ்வொர்த்திலோ போட்டால் குறையும், காலையில் இருபது நிமிஷம், அரை மணி நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கேடிலாக் மலைச் சாலைக்கு மே கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை வண்டிக்கு முன்பதிவு கட்டாயம். சூரிய உதயத்துக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என இரண்டு வகை. ரிக்ரியேஷன் டாட் காவ் தளத்தில் மட்டும்தான் கிடைக்கும், மலையடிவாரத்தில் விற்க மாட்டார்கள். இடங்களில் 30 சதவீதத்தை 90 நாள் முன்னதாகவும், மீதி 70 சதவீதத்தை இரண்டு நாள் முன்னதாகக் காலை 10 மணிக்கும் திறப்பார்கள். அந்த இரண்டாவது வாய்ப்புதான் நல்லது, வானிலையைப் பார்த்துவிட்டு வாங்கலாம். 9:55-க்கே உள்ளே நுழைந்து உட்காருங்கள், உதயத்துக்கு உரியவை கண்ணெதிரே கரைந்துவிடும். வாங்கியதும் அதைப் போனில் சேமித்துவிடுங்கள், அடிவாரத்தில் சிக்னலை நம்ப முடியாது. இது பூங்கா நுழைவுக் கட்டணத்தில் சேராது, அது தனி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இன்னொன்று: 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு அகேடியா உட்படச் சில பூங்காக்களில் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு. பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

டோலுக்கு மாசசூசெட்ஸில் வாங்கிய ஈஸிபாஸ் மெய்ன் வரை செல்லும். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், விரல் நுனிகளில் போன் செத்துவிடும்.

கடைசியாக, நான் மிக முக்கியம் என்று நினைப்பது: நீங்கள் போகும் நாட்களுக்குக் கடல் எப்போது ஏறி நிற்கும், எப்போது வற்றிக் கிடக்கும் என்ற அட்டவணை. பார் ஹார்பரில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் சராசரியாக 10 அடிக்கு மேல், ஒரு மாடி உயரம். காலையில் நீங்கள் நின்று படம் எடுத்த பாறை மத்தியானம் தண்ணீருக்குள் இருக்கும். ஏறி நிற்பதற்கும் வற்றுவதற்கும் இடையே ஆறு மணி நேரம் சொச்சம், தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். என் பயணத் திட்டத்தில் முதல் வரி இதுதான், ஹோட்டல் எல்லாம் இரண்டாவது.

முதல் நாள்: யார்க், கேப் எலிசபெத், போர்ட்லண்ட்

காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். ஐ-95-இல் நியூ ஹாம்ஷயரைத் தாண்டி மெய்னில் நுழைந்ததும் யார்க்கில் இறங்கி நபிள் கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். 1879-இல் கட்டியது, கரைக்கு எதிரே ஒரு பாறைத் தீவின் மேல் நிற்கிறது. நடுவில் ஒரு சின்ன நீர்க்கால்வாய், நாம் அங்கே போக முடியாது, இந்தப் பக்கம் பாறையில் உட்கார்ந்து பார்ப்பதுதான். அப்புறம் ஒகன்குவிட்டில் மார்ஜினல் வே என்று கடலோரப் பாறை விளிம்பில் ஒன்றேகால் மைல் நடைபாதை இருக்கிறது, தார் போட்டது, வயதானவர்களும் நடக்கலாம். மாலைக்குள் கேப் எலிசபெத்தில் போர்ட்லண்ட் ஹெட் விளக்கம். ஜார்ஜ் வாஷிங்டன் உத்தரவில் கட்டி 1791-இல் முதன்முதலாக ஏற்றியது. அமெரிக்கக் காலண்டர்களில் பார்த்துப் பார்த்துச் சலித்த படம் இதுதான், நேரில் அவ்வளவு சலிப்பதில்லை. இரவு போர்ட்லண்டில். இந்தியச் சாப்பாடு வேண்டுமென்றால் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், மேலே போகப் போக அரிது.

மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் இந்த முதல் நாளையும் ஐந்தாம் நாளையும் விட்டுவிட்டு நேராக இரண்டாம் நாளில் தொடங்குங்கள். யார்க்கும் போர்ட்லண்டும் எங்கும் போகாது, ஒரு சனிக்கிழமை காலையில் போய் இரவுக்குள் திரும்பலாம்.

இரண்டாம் நாள்: பெமகுவிட்

ஃப்ரீபோர்ட் வழியாகத்தான் போவீர்கள். எல்.எல்.பீன் கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும், ஜாக்கெட் மறந்தவர்கள் வாங்கிக்கொள்ளலாம், மற்றவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே தொலைந்துவிட வேண்டாம். விஸ்காசெட் பாலத்துக்கு முன்னால் ரோடு அடைத்துக்கொள்ளும், பதினோரு மணிக்கு முன் தாண்டிவிடுவது நல்லது. டாமரிஸ்காட்டாவில் ரூட் 1-ஐ விட்டுத் தெற்கே 15 மைல் ஒரு விரலைப் பிடித்து இறங்கினால் நுனியில் பெமகுவிட் முனை.

முழுப் பயணத்திலும் ஒரே ஒரு பாறையைத்தான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். சாம்பல் நிற உருமாறிய பாறை, பட்டை பட்டையாக, செங்குத்தாகத் திருப்பி வைத்தது போலக் கடலுக்குள் ஓடுகிறது. நடுநடுவே வெளிறிய கிரானைட் நரம்புகள், பூமிக்கடியில் உருகிப் புகுந்து இறுகியவை. உழுத வயலைக் கல்லாக்கிச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். இங்குள்ள கலங்கரை விளக்கத்தை 1827-இல் கட்டியபோது சாந்தில் உப்புத் தண்ணீரைக் கலந்துவிட்டார்கள் என்பார்கள். சுவர் உதிர்ந்து, 1835-இல் மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. 2003-இல் வந்த மெய்ன் கால் டாலர் நாணயத்தில் இருப்பது இந்த விளக்கம்தான். சட்டைப்பையில் ஒன்று இருந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

இங்கேயே பாறையில் நடப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடல் ஏறி இறங்கும் எல்லையில் பாறை கறுப்பாக இருக்கும், கீழே போனால் பழுப்புப் பாசி. காய்ந்த சாம்பல் பாறையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடலாம், அந்தக் கறுப்புப் பட்டையில் கால் வைத்தால் எண்ணெய் தடவிய சறுக்குப் பலகை. ஒருமுறை போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே இரண்டடி சறுக்கி முழங்கை தேய்ந்த அனுபவம் எனக்கு உண்டு. கறுப்பைக் கண்டால் நின்றுவிடுவது நல்ல விதி. இன்னொன்று, தூரத்துப் புயல். வானம் தெளிவாக, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெரிய அலை வரும். 2009 ஆகஸ்டில் பில் புயல் கரைக்கு வராமல் தள்ளிப் போனபோது, அகேடியாவில் அலை பார்க்க நின்றவர்களைக் கடல் அடித்துச் சென்று ஒரு ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். செப்டம்பர், அக்டோபரும் புயல் காலம்தான். ஈரமான பாறைக்கு மேலே, காய்ந்த இடத்தில் நில்லுங்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

இரவுக்கு ராக்லண்ட் அல்லது கேம்டன். ராக்லண்டில் கிரானைட் பாளங்களை அடுக்கிக் கட்டிய அலைதடுப்புச் சுவர் முக்கால் மைலுக்கும் மேல் கடலுக்குள் போகிறது. நுனியில் ஒரு கலங்கரை விளக்கம். மாலை வெயிலில் நடந்து போய்வர ஒரு மணி நேரம். பாளங்களுக்கு நடுவே இடைவெளி உண்டு, சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

மூன்றாம் நாள்: மலையிலிருந்து தீவுக்கு

கேம்டனில் பேட்டி மலை உச்சி வரை கார் போகும். துறைமுகமும் பாய்மரக் கப்பல்களும் பெனப்ஸ்காட் வளைகுடாத் தீவுகளும் காலடியில். மரங்கள் சிவந்திருக்கும் வாரத்தில் இது ஒரு கம்பளம். பக்ஸ்போர்ட் அருகே பெனப்ஸ்காட் நாரோஸ் பாலத்தின் தூண் உச்சியில் 420 அடி உயரத்தில் ஒரு பார்வைக்கூடம், லிஃப்டில் ஏறலாம், அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மத்தியானம் எல்ஸ்வொர்த் பெரிய கடைகளில் பால், ரொட்டி, பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு, பெட்ரோலும் போட்டுக்கொண்டு தீவுக்குள் நுழையுங்கள். மவுண்ட் டெஸர்ட் தீவு என்பார்கள், எழுத்தில் பாலைவனம், உச்சரிப்பில் இனிப்புப் பலகாரம். 1604-இல் ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் மொட்டை உச்சிகளைப் பார்த்துவிட்டு வைத்த பெயர்.

நான்காம் நாள்: அகேடியா

இந்த நாளைக் கடலிடம் கொடுத்துவிடுங்கள். உதாரணத்துக்கு, காலை 9 மணிக்குக் கடல் வற்றும் நாள் என்று வையுங்கள். பார் ஹார்பர் பிரிட்ஜ் தெரு முனையிலிருந்து எதிரே உள்ள பார் தீவுக்குச் சரளைக்கல் பாதை வெளியே வந்திருக்கும், வற்றுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும்தான் நடக்கலாம். ஆக 7:30-க்குப் போய் 10-க்குள் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த வற்று வரை தீவில் தவம்தான். பாதை அகலமாக இருக்கிறதே என்று அதில் காரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அப்படி நிறுத்திய கார்கள் மூழ்கியிருக்கின்றன. அன்றைக்குக் கடல் மூன்று மணி சுமாருக்கு ஏறி நிற்கும். தண்டர் ஹோல் என்ற பாறைப் பிளவில் அலை புகுந்து உள்ளே அடைபட்ட காற்றை நசுக்கி இடி மாதிரி சத்தம் போடுவது, அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், அதாவது ஒன்றேகாலுக்கும் இரண்டேகாலுக்கும் இடையே. நேரம் தெரியாமல் போய் 'என்ன, குளக் குளக் என்கிறது, இவ்வளவுதானா' என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

பார்க் லூப் சாலை 27 மைல். அதில் ஒருவழிப் பகுதியில் பல இடங்களில் வலது ஓரத் தடத்திலேயே வண்டியை நிறுத்த அனுமதி உண்டு, பலகையைப் பார்த்து நிறுத்துங்கள். சாண்ட் பீச்சில் காரை விட்டுவிட்டு ஓஷன் பாத் வழியாக ஆட்டர் முனை வரை நடந்தால், ஒரு வழி இரண்டு மைல் சொச்சம், ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் இளஞ்சிவப்பு கிரானைட். வழியில் உருண்டைக் கற்கள் குவிந்த கரைகள் வரும், யானை முட்டை மாதிரி. ஒன்றைக்கூட எடுத்துவராதீர்கள், சட்டப்படி குற்றம். பீஹைவ், பிரெசிபிஸ் என்ற பாதைகளில் இரும்புக் கம்பியைப் பிடித்துச் செங்குத்தாக ஏற வேண்டும், உயரம் பயமென்றால் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கேடிலாக் உச்சி 1,530 அடி, அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இதை விட உயரமில்லை. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை அமெரிக்காவில் முதல் வெயில் விழும் இடம் என்ற பெயர் இதற்கு. போர்வை, பிளாஸ்க், தொப்பி இல்லாமல் ஏறாதீர்கள், காற்று எலும்பைத் தேடிவரும். வெளிச்சம் வந்ததும் கிழக்குச் சரிவுகளைப் பாருங்கள். ஓரிடத்தில் கரும்பச்சை ஊசியிலைக் காடு, பக்கத்திலேயே மஞ்சளும் ஆரஞ்சும். காரணம் 1947 அக்டோபர். வறண்டுபோன அந்த இலையுதிர்காலத்தில் பிடித்த தீ இந்தத் தீவில் 17,000 ஏக்கருக்கு மேல் தின்றுவிட்டது, கோடீஸ்வரர்களின் கோடை மாளிகைகள் உட்பட. பழைய ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் போன வெட்டவெளியில் வெயிலை விரும்பும் பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைத்தன. இன்றைக்கு நாம் வரிசையில் நின்று படம் எடுக்கும் நிறத்தில் பெரும்பங்கு அந்தத் தீ போட்ட கோலம்.

ஐந்தாம் நாள்: கூட்டம் போகாத பக்கம்

பெரும்பாலானோர் இங்கிருந்தே திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஸ்கூடிக் தீபகற்பத்துக்குப் போங்கள். அகேடியாவில் பெருநிலத்தோடு ஒட்டிய ஒரே பகுதி, பார் ஹார்பரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறு மைல் ஒருவழிச் சாலை. முனையில் இளஞ்சிவப்பு கிரானைட்டைக் கிழித்துக்கொண்டு கரும்பாறைச் சுவர்கள் ஓடும். பெற்றோர் காரிலிருந்து பத்தடி நடந்தாலே போதும், இதே கடல், பத்தில் ஒரு பங்குகூடக் கூட்டமில்லை. நேரமிருந்தால் ரூட் 1-இல் இன்னும் கிழக்கே செரிஃபீல்ட் வரை ஓட்டுங்கள். அங்கே காட்டு அவுரிநெல்லி, அதாவது ப்ளூபெர்ரி வயல்கள், முழங்கால் உயரம்கூட வராத செடி, அக்டோபரில் அடிவானம் வரை குங்குமம் கொட்டிய மாதிரி சிவந்து கிடக்கும். மரத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய கண்ணுக்கு, தரை சிவப்பது வேறு அனுபவம்.

லூபெக் வரை போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எதிரே கனடா. போன் அந்தக் கோபுரத்தைப் பிடித்து ஒரு மணி நேரம் முன்னால் காட்டும், ரோமிங் கட்டணமும் ஏறலாம். நேரத்தைக் கையால் அமைத்துவிடுங்கள்.

சாப்பாடும் சாலையும்

லாப்ஸ்டர் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பருவத்தில் மென்தோடா கடினத்தோடா என்று கேட்டு வாங்குங்கள். மென்தோட்டில் கறி குறைவு, இனிப்பு அதிகம், கையாலேயே உடைக்கலாம். ட்ரெண்டன் பக்கம் வெளியில் விறகடுப்பு மூட்டிக் கடல்நீரில் வேகவைக்கிறார்கள், அந்தப் புகை வாசமே பாதி வயிற்றை நிரப்பும். சைவர்கள் சௌடர் சூப்பை நம்பாதீர்கள், சோளச் சௌடரில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அகேடியாவின் ஜோர்டன் குளக்கரையில் தரும் பாப்ஓவர் என்ற உப்பிய ரொட்டியில் முட்டை உண்டு. நாங்கள் முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரை, அப்புறம் சின்ன ரைஸ் குக்கர், தயிர், ஊறுகாய் என்று ஓட்டிவிடுகிறோம். குளிரில் எதுவும் கெடுவதில்லை.

சாலையில், மெதுவாகப் போவது உங்கள் விருப்பம், பின்னால் வருகிறவர் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரராக இருக்கலாம். மூன்று வண்டி சேர்ந்துவிட்டால் ஓரம் ஒதுங்கி வழிவிடுங்கள், மரத்தைப் பார்த்து நடுரோட்டில் பிரேக் போடாதீர்கள். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டால் எதிரிலிருந்து வந்தாலும் நிற்க வேண்டும். அந்தி நேரத்தில் மான் குறுக்கே ஓடும், ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

திரும்பும்போது ரூட் 1 வேண்டாம். எல்ஸ்வொர்த்திலிருந்து 1ஏ வழியாக பாங்கோர், அங்கிருந்து ஐ-95, ஐந்து மணி நேரம். ஞாயிறென்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு நியூ ஹாம்ஷயர் எல்லைப் பாலத்துக்கு முன்னாலிருந்தே வண்டிகள் ஊர ஆரம்பித்துவிடும். சிறுநீர் அவசரத்தோடு அந்த வரிசையில் மாட்டாமல் இருக்க, அதற்கு முன்னால் கென்னபங்க் ஓய்விடத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு ஏற்றுங்கள்.